ஹோம் தியேட்டர் ரிமோட் புரோகிராமிங்: ஃபைலும் பாஸ்வேர்டும் கைக்கு வராமல் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

எல்லாக் கருவிக்கும் ஒரே ரிமோட் போட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களிடம் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் எங்கள் வீட்டில் நடந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

மாடி அறையில் புரொஜெக்டர், ஏவி ரிசீவர் (படத்தைத் திரைக்கும் சத்தத்தை ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி), செட்டாப் பாக்ஸ், ப்ளூரே பிளேயர், ஃபயர் டிவி ஸ்டிக் இருக்கின்றன. ஆளுக்கொரு ரிமோட். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. 'படம்' என்று ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாம் ஆன் ஆகி, சரியான இன்புட்டுக்குப் போக வேண்டும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். முன்பு எல்லாக் கருவிக்கும் பொதுவான ஹார்மனி ரிமோட் வாங்கி நாமே செட் செய்துகொள்ளலாம். லாஜிடெக் 2021ல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்போது எல்லாக் கருவிகளையும் இயக்கும் கொஞ்சம் நல்ல கன்ட்ரோலர் என்றால் பெரும்பாலும் டீலர்தான் புரோகிராம் செய்ய முடியும். நம் குடுமி அவர்கள் கைக்குப் போவது அங்கேதான்.

செய்து கொடுத்த வேலையைப் பாருங்கள். ரிசீவரின் ரிமோட்டில் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே பவர் பட்டன். அந்த சிக்னலையே கன்ட்ரோலரில் ஏற்றிவிட்டார்கள். ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும் ரிசீவருக்கு அது போனால் அணைந்துவிடும். எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஒரு கருவி இன்னொன்றை ஆன், ஆஃப் செய்யும் சிஇசி வசதி வேறு இயங்கிக்கொண்டிருந்தது. ஃபயர் ஸ்டிக் விழித்ததும் சிஇசி ரிசீவரை ஆன் செய்யும், பின்னாலேயே கன்ட்ரோலரின் சிக்னல் வந்து அணைக்கும். திரையில் படம் ஓடும், சத்தம் இருக்காது. அப்பா திரும்ப அதே பட்டனை அழுத்துவார், மற்றவை எல்லாம் தாறுமாறாகும். பெரும்பாலான ரிசீவர்களுக்கு ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி கோட் உண்டு. நெட்வொர்க் கேபிள் வழியாகவும் இயக்கலாம், அப்போது கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று கன்ட்ரோலருக்கே தெரியும். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது அரிச்சுவடி.

புரொஜெக்டரிலும் இதே அலட்சியம். அதை அணைக்க பவர் பட்டனை இரண்டு முறை அழுத்த வேண்டும். முதல் முறைக்கு 'அணைக்கவா?' என்று கேட்கும். புரோகிராமில் ஒரு தடவைதான் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் அணைந்தது என்று நினைத்துக் கீழே இறங்கிவிடுவோம், லேம்ப் எரிந்துகொண்டே இருக்கும். அந்த லேம்பின் ஆயுளுக்கு யார் பொறுப்பு?

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது பில்லைப் பார்த்தபோதுதான். ஃபயர் டிவி ஸ்டிக்குக்கும் ஒரு ஐஆர் எமிட்டர் (ரிமோட்டின் அகச்சிவப்பு சிக்னலைக் கருவிக்கு அனுப்பும் சின்னத் துண்டு) என்று தனியாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஸ்டிக்கில் ஐஆர் சிக்னலை வாங்கும் கண்ணே கிடையாது, அதன் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறது. வேலையே செய்யாத ஒன்றை ஒட்டிவிட்டுக் காசு வாங்குவதற்கு என்ன பெயர்?

சரி, வேறு ஆளை வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று, எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய புரோகிராம் ஃபைலைக் கேட்டோம். "அது எங்க சொத்து சார், தர மாட்டோம்" என்றார்கள். கன்ட்ரோலரின் பாஸ்வேர்டும் தரவில்லை. இன்புட்டின் பெயரை மாற்றக்கூட விசிட் சார்ஜ். அடுத்து வந்த டெக்னீஷியன் கையை விரித்தார். மூல ஃபைல் இல்லாமல், ஏற்றியதைத் திரும்ப எடுத்துத் திருத்த முடியாது. ரீசெட் செய்து முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார். பல கன்ட்ரோலர்களின் நிலைமை இதுதான்.

ஆகவே கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்: திருத்தக்கூடிய நிலையில் உள்ள கடைசி ஃபைல், அட்மின் பாஸ்வேர்டு, எந்தக் கருவி ஐஆர், எது நெட்வொர்க் என்ற பட்டியல். வேலை முடிந்ததும் ஒரு கருவியை மட்டும் கையால் ஆன் செய்துவிட்டு 'படம்' பட்டனை அழுத்திப் பாருங்கள். அது அணைந்துபோனால் புரோகிராம் சரியில்லை. பாக்கிப் பணம் அதற்கு அப்புறம்தான். வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கேட்டு அவசரப்படுத்துவார்கள், அசையாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறோம். அங்கே தீரவில்லை என்றால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. அதனால் பில், கொட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

கோவைப் பக்கம் ஃபைலைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும் நேர்மையான புரோகிராமர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். முதலிலிருந்து எழுதச் சொல்லத் தயாராக இருக்கிறோம்.