வேட்டைக்கும் மீன்பிடிக்கும் எது தோது: கை டார்ச்சா, ஹெட்லேம்ப்பா?

இரவில் காட்டுக்கோ தண்ணீர்க்கரைக்கோ போக விளக்கு வாங்கும்போது முதலில் கண்ணில் படுவது, பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமன் எண். 1000, 2000, 5000 என்று அது ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி வாங்கினால், வேலைக்குப் பொருந்தாத விளக்குதான் பெரும்பாலும் கைக்கு வந்து சேரும். இரவில் நாம் செய்யும் வேலைகளில் பெரும்பகுதிக்கு 10 முதல் 100 லூமன் போதும். அதனால் ஒரு விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரியும் என்பதோடு, எவ்வளவு மங்கலாக எரியும் என்பதையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மீன்பிடிக்கு ஹெட்லேம்ப் முதலில், கை டார்ச் துணைக்கு. வேட்டைக்கு இரண்டுமே வேண்டும்: நடக்கவும் கைவேலைக்கும் ஹெட்லேம்ப், தேடவும் தடம் பார்க்கவும் டார்ச். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பட்டையிலிருந்து கழற்றிக் கையிலும் பிடிக்கக்கூடிய எல் வடிவ விளக்கு.

பெட்டியில் இருக்கும் எண்கள்

லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. கேண்டெலா என்பது கற்றையின் நடுவில் இருக்கும் தீவிரம். 500 லூமன் ஒளியை ஆழமான, வழவழப்பான ரிஃப்ளெக்டர் குறுக்கிக் குவித்தால் தொலைவில் நிற்கும் மரம் தெரியும். அதே 500 லூமனைப் பரப்பிவிட்டால் காலைச் சுற்றி எல்லாம் தெரியும், தொலைவு இருட்டாகவே கிடக்கும். டார்ச்சுகள் பெரும்பாலும் முதல் வகை, ஹெட்லேம்ப்புகள் இரண்டாம் வகை. இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசமே இங்கேதான் தொடங்குகிறது.

நல்ல தயாரிப்புகளில் எஃப்எல்1 என்ற தர அளவுப்படி எறிதூரம் போட்டிருப்பார்கள். ஒளி 0.25 லக்ஸாகக் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அளவு லக்ஸ்) குறையும் இடம்வரை உள்ள தூரம் அது. ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கும் எளிது: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்க வேண்டும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும். ஆனால் 200 மீட்டர் தள்ளி நிலவொளி அளவுக்கு ஒளி விழுந்தால் ஏதோ நிற்கிறது என்பது தெரியலாம், என்ன நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. துப்பாக்கி கையில் இருக்கும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. எனவே போட்டிருக்கும் தூரத்தில் பாதியையோ அதற்கும் குறைவையோதான் நம்ப வேண்டும். பாதித் தூரத்தில் ஒளி நான்கு மடங்கு கூடுதலாக இருக்கும்.

எரியும் நேரத்தையும் இப்படித்தான் ஒரு சந்தேகத்தோடு படிக்க வேண்டும். அதே தர அளவில், போட்டு 30 விநாடி கழித்து இருந்த ஒளியில் 10 சதவீதமாகக் குறையும்வரை ஆகும் நேரம்தான் கணக்கு. 1000 லூமனில் தொடங்கி, சூடு தாங்காமல் சில நிமிடங்களிலேயே 250க்கு இறங்கி, அப்புறம் நான்கு மணி நேரம் எரிந்தாலும் பெட்டியில் 1000 லூமன், 4 மணி நேரம் என்று வரும். தயாரிப்பாளர் நேரத்துக்கு நேர் ஒளியைக் காட்டும் வரைபடம் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். கோடு ஓரளவு சமமாகப் போய்க் கடைசியில் விழுகிறதா, தொடக்கத்திலிருந்தே சரிகிறதா என்பதில் விளக்கின் தரம் தெரிந்துவிடும்.

கை டார்ச் எங்கே ஜெயிக்கிறது

தடம் பார்ப்பதில். ஹெட்லேம்ப்பின் ஒளி நம் பார்வை போகும் அதே கோட்டில் போகிறது. அதனால் நாம் பார்க்கும் பொருளின் நிழல் அந்தப் பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. ஈரமண்ணில் பதிந்த குளம்புத் தடத்தை ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் நேராகக் குனிந்து பாருங்கள்: தட்டையான மண்தான் தெரியும். டார்ச்சைக் கையில் எடுத்துத் தரைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் பிடித்தால் குழியின் ஒரு விளிம்பு இருட்டாகவும் மறு விளிம்பு வெளிச்சமாகவும் மாறி, இரு பிளவும் அழுந்திய ஆழமும் எழுந்து நிற்கும். எந்தத் திசையில் போயிருக்கிறது, நடந்ததா ஓடியதா என்பதெல்லாம் அந்த நிழலில்தான் இருக்கிறது. எத்தனை லூமன் ஹெட்லேம்ப் வாங்கினாலும் நெற்றியிலிருந்து இதைக் கொண்டுவர முடியாது.

பனிமூட்டம், தூறல், தூசி எல்லாவற்றிலும் இதே கதைதான். கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் விளக்கின் ஒளி, மூக்குக்கு முன்னால் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புகிறது. குளிர்காலத்தில் நம் மூச்சுக்காற்றின் ஆவியே வெள்ளைத் திரையாகிவிடும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் அந்தத் திரை பெரிதும் விலகும்.

தொலைவில் தேடவும் டார்ச்தான். ரிஃப்ளெக்டருக்கு வேண்டிய அகலமும், சூட்டை வெளியேற்ற வேண்டிய உலோகமும் அதில் இருக்கின்றன. நெற்றியில் அவ்வளவு எடையைக் கட்ட முடியாது. லேசர் பட்டால் ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பயன்படுத்தும் எல்இபி டார்ச்சுகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் கற்றை கோல் போல மெலிதாக நெடுந்தூரம் போகும், ஆனால் அந்தக் கோலுக்கு வெளியே எதுவும் தெரியாது. தூரத்தில் ஒரே புள்ளியைப் பார்க்கத் தவிர வேறு எதற்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். துப்பாக்கியில் பூட்டிய விளக்கையும் தேடுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. விளக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே குழலும் திரும்புகிறது.

டார்ச்சின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு கை போய்விடுகிறது. பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வதெல்லாம் ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

ஹெட்லேம்ப் எங்கே ஜெயிக்கிறது

தூண்டில்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஒரு கையில் தங்கூசி, மறு கையில் முள், காற்று வேறு அடிக்கிறது. முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முடிச்சுப் போடும்போது ஒளி அதிகமானால் மெல்லிய நைலான் பளபளத்து, ஓரம் எது நடு எது என்று தெரியாமல் போகும். 10 முதல் 30 லூமன் வரை பரவலாக விழுந்தால் முள்ளின் துளையும் சுற்றிய சுற்றுகளும் தெளிவாக எண்ணும்படி தெரியும். 100 லூமனுக்குக் கீழே இறங்காத ஹெட்லேம்ப் இந்த வேலைக்கு உதவாது. விளக்கைக் கீழ்நோக்கிச் சாய்க்கும் கீலும் உறுதியாக, க்ளிக் க்ளிக் என்று நிற்கும்படி இருக்க வேண்டும். தளர்ந்த கீல் நடக்க நடக்க மூக்கின்மேல் விழும்.

ஆழமற்ற தண்ணீரில் திடீரென்று வீசும் வெளிச்சம் மீனைக் கலைக்கும். நிலையாக எரியும் விளக்கு நுண்ணுயிர்களையும் அவற்றைத் தின்ன வரும் சிறுமீனையும் ஈர்க்கலாம், ஆனால் தலை திரும்பும் பக்கமெல்லாம் அலையும் ஹெட்லேம்ப் அப்படிப்பட்டதல்ல. முடிச்சுப் போட, இரை மாட்ட தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வதுதான் முறை. ஆற்றில் இறங்கி நடக்கும்போதும் ஹெட்லேம்ப்தான். ஊன்றுகோலுக்கு ஒரு கை, தூண்டிலுக்கு ஒரு கை போனபின் டார்ச்சுக்குக் கை ஏது?

வேட்டையில் விடியுமுன் நடந்து போகும்போது இன்னொரு பயனும் உண்டு: அங்கே வருவது மனிதர் என்று மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். விழுந்த விலங்கை உரித்துச் சுத்தம் செய்யும்போது கத்தி பிடித்த கைக்கு வெளிச்சம் வேண்டும், மற்றக் கை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

ஹெட்லேம்ப்பின் குறைகளில் பெரியது, பேசும்போது எதிரே இருப்பவர் கண்ணைக் கூசவைப்பது. கூட வந்தவருக்கு இருட்டில் பார்க்கும் திறன் அந்த நொடியே போய்விடும். பூச்சிகளும் நேராக முகத்துக்கு வரும்.

சிவப்பு, பச்சை, வெள்ளை

இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்தப் பழக்கத்தைத் தரும், விழித்திரையில் உள்ள கோல் செல்கள் ஆழ்ந்த சிவப்பொளியை மிகக் குறைவாகவே உணர்கின்றன, அதனால்தான் சிவப்பு விளக்கு. மான்களின் கண்ணும் சிவப்பை நன்றாக உணராது, நீலத்தையும் பச்சையையும் உணரும். ஆனால் சிவப்பு போட்டுவிட்டால் கண்ணுக்கே தெரியாமல் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம், பிரகாசமான சிவப்பு எந்தக் கண்ணையும் உறுத்தும். மிக மங்கலான வெள்ளையும் கண்ணின் பழக்கத்தை அதிகம் கெடுக்காது என்பதால், ஒரு லூமனுக்கும் கீழே இறங்கும் வெள்ளை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சிவப்பு முற்றிலும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: இரத்தத் தடம். சிவப்பொளியில் காய்ந்த சருகும் அதன்மேல் விழுந்த துளியும் ஒரே நிறம். இதற்கு வேண்டியது நிறம் காட்டும் குறியீடு, அதாவது சிஆர்ஐ, 90க்கு மேல் உள்ள வெள்ளை ஒளி. சாதாரண நீலம் கலந்த வெள்ளை எல்இடிகளில் அது 70 அளவில்தான் இருக்கும். ஆழ்சிவப்பைக் காட்டும் ஆர்9 மதிப்போ அவற்றில் பூஜ்யத்துக்கும் கீழே போவதுண்டு. அப்படிப்பட்ட வெளிச்சத்தில் இரத்தம் பழுப்புச் சேறு போலத் தெரியும். உயர் சிஆர்ஐ விளக்கில் லூமன் சற்றுக் குறையும். அடிபட்ட விலங்கைக் கண்டுபிடிப்பது வேட்டைக்காரரின் கடமை, அதற்காக அந்த லூமனைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.

படகில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது படகுகளின் வழி விளக்குகள். அவற்றோடு குழம்பக்கூடிய வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்று 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளே சொல்கின்றன. நிற விளக்கு போட்டால் தலையைத் தாழ்த்தி, மங்கலாக, படகுக்குள்ளேயே இருக்கட்டும்.

இரண்டுமாக இருக்கும் எல் வடிவம்

ஃபீனிக்ஸ் எச்எம்61ஆர், ஆர்மிடெக் விசார்ட் போன்றவை இந்த வகை. ஒரு 18650 பேட்டரி, தலைப்பகுதி பக்கவாட்டில் திரும்பிய உடல், கழற்றக்கூடிய பட்டை. நெற்றியில் கட்டினால் ஹெட்லேம்ப், கழற்றித் தரையோரம் பிடித்தால் தடம் காட்டும் டார்ச், சட்டைப் பையில் க்ளிப்பால் மாட்டினால் பனிமூட்டத்தில் நடக்க விளக்கு. மேலே சொன்ன குறைகளில் பலவற்றை ஒரே பொருள் தீர்க்கிறது. தீர்க்காதது எறிதூரம் மட்டும்தான். 50 மீட்டருக்குள் வேலை முடிகிறவர்களுக்கு அதுவும் குறையாகத் தெரியாது.

பேட்டரியும் தண்ணீரும்

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 அதைவிடப் பெரிது, கொள்ளளவும் கூடுதல். டார்ச்சுக்கு 21700 நன்று, நெற்றிக்கு 18650 போதும். சார்ஜ் போட வழியில்லாத இடத்தில் பல நாள் தங்குகிறவர்களுக்கு பெட்சில் ஆக்டிக் கோர் போல சார்ஜ் பேட்டரியும் மூன்று ஏஏஏவும் ஏற்கும் வகை நிம்மதி தரும். கடுங்குளிரில் ஆல்கலைன் சீக்கிரம் சோர்ந்துவிடும், ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஏஏ, ஏஏஏ தாங்கும். தனி 18650 பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள், முனைகள் இணைந்தால் தீப்பிடிக்கும். அதற்கென்று டப்பா இருக்கிறது.

தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதை ஐபிஎக்ஸ் எண் சொல்லும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீர் மட்டும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். வேட்டைக்கு முதலாவதே போதலாம், மீன்பிடிக்கு இரண்டாவதற்குக் கீழே போக வேண்டாம். கடலோரத்தில் பயன்படுத்தினால் வீடு வந்ததும் மூடிகளை இறுக்கி நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவைக்க வேண்டும். உப்பு திருகுமரையிலும் சார்ஜ் துளையிலும் உட்கார்ந்துவிட்டால் எந்தத் தரச் சான்றும் காப்பாற்றாது. மூடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு அவ்வப்போது சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

வெளிச்சம் போட்டு வேட்டையாடுவது பல நாடுகளில் குற்றம். விளக்கு வைத்து மீனை ஈர்க்கவும் சில இடங்களில் தடை உண்டு. போகும் இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு விளக்கைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பையில் தானாக எரிந்து பேட்டரி தீராமல் இருக்க, பூட்டும் வசதி உள்ளதாக வாங்குங்கள். இல்லையென்றால் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தாலே பல டார்ச்சுகளில் இணைப்பு அறுந்துவிடும்.