டிஜிட்டல் கான்டெஸ்ட்: திரையில் விழுவதை எவ்வளவு நம்பலாம்?

ஹாம் ரேடியோ என்ற பொழுதுபோக்கு வானொலியில், குறித்த நேரத்துக்குள் முடிந்தவரை அதிகம் பேரைத் தொடர்புகொள்ளும் போட்டிகள் உண்டு. அவற்றில் பேசாமல் கம்ப்யூட்டர் வழியாக எழுத்தாக அனுப்பும் டிஜிட்டல் மோடு போட்டிகளில் பல வருடங்களாகக் கலந்துகொண்டு வருகிறேன். ஆரம்பத்தில் ஆர்டிடிஒய் மட்டும். 2019இல் எஃப்டி4 என்ற புதிய முறை வந்த பிறகு அதிலும். "எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, ஆபரேட்டருக்கு என்ன வேலை?" என்று குரலிலும் மோர்ஸிலும் ஊறியவர்கள் கேட்பதுண்டு. வேலை நிறையவே இருக்கிறது. திரையில் விழுந்த எழுத்தை நம்பி லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) ஏற்றலாமா, திரும்பக் கேட்க வேண்டுமா என்று சில வினாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். புள்ளி வருவதும் போவதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஆர்டிடிஒய். பழைய டெலிபிரிண்டர் முறைதான் இது: 170 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு டோன், 45.45 பாட் வேகம், எழுத்துக்கு 5 பிட். வினாடிக்குச் சுமார் 6 எழுத்து வரும். பிழை திருத்தம் கிடையாது என்பதால் இரைச்சலையும் எழுத்தாகவே அச்சடித்துத் தள்ளும். 5 பிட்டில் 32 குறியீடுகளுக்குத்தான் இடம். ஆகவே எழுத்தும் எண்ணும் ஒரே குறியீட்டைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இனி வருவது எண் என்று சொல்ல நடுவில் ஒரு ஷிஃப்ட் குறி வரும். சிக்னல் இறங்கும் நேரத்தில் அந்த ஒரு குறி தொலைந்துபோனால், சிக்னல் தரத்தைச் சொல்லும் 599 என்பது டி-ஓ-ஓ என்று விழும். கீபோர்டின் மேல்வரிசையைப் பாருங்கள், டிக்கு மேலே 5, ஓவுக்கு மேலே 9. அதே கணக்கில் 014 என்ற வரிசை எண் பி-க்யூ-ஆர் ஆகிவிடும். கொஞ்சம் பழகினால் கண் தானாகவே எண்ணாகப் படித்துக்கொள்ளும், எதிர்முனையைத் திரும்ப அனுப்பச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணைவிடக் கால்சைன், அதாவது ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள அழைப்புக் குறி, அதுதான் ஆபத்து. நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது ஒருவருடைய முன்பாதியும் இன்னொருவருடைய பின்பாதியும் ஒட்டிக்கொண்டு, பார்வைக்குச் சரியான கால்சைனாகவே வந்து நிற்கும். இதற்காகவே ஒரே சிக்னலை இரண்டு டிகோடரில் (சிக்னலை எழுத்தாக மாற்றும் சாஃப்ட்வேரில்) ஓடவிடுகிறேன். எம்எம்டிடிஒய் ஒரு விண்டோவில், 2டோன் இன்னொன்றில். என்1எம்எம் லாகர் பிளஸ் என்ற போட்டி லாக் சாஃப்ட்வேரில் இந்த வசதி இருக்கிறது. இரண்டிலும் ஒரே கால்சைன் என்றால் தைரியமாகப் பதில் அனுப்பலாம். வேறுபட்டால் திரும்பக் கேட்பேன். நாலைந்து வினாடிதான் செலவு. சிக்யூ டபிள்யூபிஎக்ஸ் போன்ற போட்டிகளில் தவறான கால்சைன் லாகில் இருந்தால் அந்தத் தொடர்பு நீக்கப்படுவதோடு அபராதப் புள்ளியும் கழியும் என்பதால், இது லாபமான செலவு. லாகர் காட்டும் தெரிந்த கால்சைன் பட்டியலை மட்டும் நம்பி ஒருவரைத் திருத்தக் கூடாது. பட்டியலில் இல்லாதவர் முதன்முறையாகப் போட்டிக்கு வந்தவராக இருக்கலாம்.

எஃப்டி8, எஃப்டி4 பக்கம் வந்தால் கதையே வேறு. எஃப்டி8ஐ 2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் கொண்டுவந்தார்கள். டெய்லர், இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இயற்பியலாளர். 15 வினாடி முறை வைத்து அனுப்பும் எஃப்டி8, இரைச்சலுக்குக் கீழே -21 டெசிபெல் வரை படிக்கும். போட்டிகளை மனத்தில் வைத்து உருவான எஃப்டி4க்கு முறை 7.5 வினாடிதான், ஆனால் -17.5 டெசிபெல்லோடு நின்றுவிடும். சிறிய கம்பி ஆண்டெனாவை வைத்துக்கொண்டு கண்டம் தாண்டிப் பேச இவை கொடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே பெரிது. கம்ப்யூட்டர் கடிகாரம் மட்டும் ஒரு வினாடிக்கு மேல் பிசகக் கூடாது.

பிழை திருத்தமும் சரிபார்ப்பும் உள்ளே இருப்பதால் இங்கே விழுகிற கால்சைன் ஏறக்குறைய எப்போதும் சரியாகவே இருக்கும். சந்தேகம் வேறு இடத்தில் வருகிறது: தொடர்பு முடிந்ததா இல்லையா? நான் சிக்யூ என்று எல்லோருக்கும் பொதுவாகக் கூப்பிடுகிறேன். ஒருவர் தன் கிரிட்டை (இருக்கும் இடத்தின் வரைபடக் குறியீட்டை) அனுப்புகிறார். 'கிடைத்தது' என்பதற்கான ஆர் சேர்த்து நான் என் கிரிட்டை அனுப்புகிறேன். அவர் 'கிடைத்தது, வணக்கம்' என்ற பொருளில் ஆர்ஆர்73 அனுப்புகிறார். அந்தக் கடைசிச் செய்தி எனக்கு வந்து சேராவிட்டால், அவர் லாகில் நான் இருப்பேன், என் லாகில் அவர் இருக்க மாட்டார். சரிபார்க்கும்போது 'நாட் இன் லாக்' என்று அவருடைய புள்ளி போய்விடும். அதனால் இன்னொருவரின் சிக்யூவுக்குப் பதில் சொல்லும் பக்கம் நான் இருந்தால், ஆர்ஆர்73 அனுப்பியதும் அடுத்தவரிடம் ஓடுவதில்லை. ஒரு முறை காத்திருந்து, அவர் புதிதாக சிக்யூ போடுகிறாரா, அல்லது என் கிரிட்டுக்கான பதிலையே மறுபடி அனுப்புகிறாரா என்று பார்ப்பேன். மறுபடி அனுப்பினால் மறுபடி ஆர்ஆர்73. இந்த 15 வினாடிப் பொறுமை இல்லாதவர்கள் அலைவரிசையில் அதிகம், அது எனக்கு வருத்தம்தான்.

வேகத்தைப் பொறுத்தவரை ஆர்டிடிஒய்க்கே என் ஓட்டு. எஃப்டி4இல் எல்லாம் முதல் தடவையே கிடைத்தாலும் ஒரு தொடர்புக்கு 30 வினாடி, எஃப்டி8இல் ஒரு நிமிடம். ஆர்டிடிஒய்யில் பேண்ட் (அலைவரிசைப் பகுதி) நன்றாகத் திறந்திருந்தால் 15, 20 வினாடிக்குள் முடித்து அடுத்தவருக்குப் போய்விடலாம். அப்புறம், டபிள்யூபிஎக்ஸ் ஆர்டிடிஒய்யில் தனி ஆபரேட்டருக்கு 48 மணி நேரத்தில் 30 மணிதான் அனுமதி. வேறு கண்டத்துத் தொடர்புக்கு 20, 15, 10 மீட்டரில் 3 புள்ளி என்றால், 40, 80 மீட்டரில் 6. எந்த நேரத்தில் தூங்குவது, எப்போது கீழ்ப் பேண்டுக்கு இறங்குவது என்பதையெல்லாம் எந்த சாஃப்ட்வேரும் சொல்லித் தராது. எஃப்டி8, எஃப்டி4க்கான டபிள்யூடபிள்யூ டிஜி போட்டியில் கணக்கு வேறு, தொடர்புக்கு 1 புள்ளி, கூடவே ஒவ்வொரு 3000 கிலோமீட்டருக்கும் 1. தூரமாகப் போகும் பாதை எப்போது திறக்கும் என்று தெரிந்தவருக்கு அது விருந்து.

ரேடியோ பக்கம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். டிஜிட்டல் மோடில் டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் நேரம் முழுக்க முழு பவரில் இருக்கும், குரலைப் போல ஏறி இறங்காது. 100 வாட் ரிக்கில் (ரேடியோ செட்டில்) நான் பாதிக்கு மேல் போவதில்லை. ஆடியோவை ஏஎல்சி (பவரைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) அசையாத அளவுக்குக் குறைத்துத்தான் வைக்கிறேன். அதிகமாக ஏற்றினால் 700 ஹெர்ட்ஸ் டோன் 1400இலும் 2100இலும் கிளை விட்டு, பக்கத்தில் மெல்லிய சிக்னல் தேடிக்கொண்டிருப்பவரை மூடிவிடும். எஃப்டி8, எஃப்டி4 ஓட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் சாஃப்ட்வேரில் ஸ்ப்ளிட் அமைப்பை இயக்கி வைத்தால் டோன் எப்போதும் 1500க்கும் 2000க்கும் நடுவில் இருக்கும். கிளை விட்டாலும் ஃபில்டர் தடுத்துவிடும். இதைச் செய்யாமல் போட்டிக்கு வருவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல்லின் ஜூன் மாத சர்வதேச டிஜிட்டல் போட்டி அல்லது ஆகஸ்ட் மாத டபிள்யூடபிள்யூ டிஜி நல்ல தொடக்கம். கைக்குப் பழகியதும் செப்டம்பரில் சிக்யூ டபிள்யூடபிள்யூ ஆர்டிடிஒய்க்கு வந்துவிடுங்கள். பத்தே தொடர்பு கிடைத்தாலும் லாகை கேப்ரில்லோ என்ற போட்டிக் கோப்பு வடிவில் அனுப்பிவிடுங்கள். சிக்யூ போட்டிகளில் அதற்கு 5 நாள்தான் அவகாசம். உங்கள் லாக் இருந்தால்தான் உங்களுடன் பேசிய அந்தப் பத்துப் பேரின் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.