மெஸ்ஸியைச் சுற்றி மூன்று வியூகங்கள்: எதில் கூர்மை அதிகம்?

2022 கத்தார் உலகக் கோப்பையின் கடைசி மூன்று ஆட்டங்களை அர்ஜென்டினா மூன்று விதமாக ஆடியது. காலிறுதியில் 5-3-2, அரையிறுதியில் 4-4-2, இறுதியில் 4-3-3 (பின்வரிசை, நடுகளம், முன்வரிசை என்ற வரிசையில் ஆட்களின் எண்ணிக்கை). பயிற்சியாளர் ஸ்கலோனிக்கு எல்லா ஆட்டத்திலும் ஒரே தலைவலிதான். பந்து எதிரணியிடம் இருக்கும்போது 35 வயது மெஸ்ஸி நடப்பார். சரி, நடக்கட்டும். அவருக்கும் சேர்த்து ஓடப்போவது யார்?

தொடரின் முதல் ஆட்டத்தில், சவூதி அரேபியாவுக்கு எதிராக, இதற்கு விடை இல்லை. சவூதி பின்வரிசை துணிந்து மேலே ஏறி நின்றது. மெஸ்ஸியும் இன்னொரு முன்கள வீரர் லாவுத்தாரோவும் திரும்பத் திரும்ப அந்த வலையில் போய் விழுந்தார்கள். முதல் பாதியில் மட்டும் 7 ஆஃப்சைடு (பந்து வரும் முன்பே எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு), அதில் 3 கோல்கள் காலி. 2-1 என்று சவூதி ஜெயித்தது. அப்புறம்தான் ஹூலியன் ஆல்வாரெஸ், என்சோ ஃபெர்னாண்டஸ், மெக் அலிஸ்டர் என்று ஓடத் தயங்காத பையன்கள் முதல் பதினொன்றில் இடம்பிடித்தார்கள்.

காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிரான 5-3-2-ஐப் பலர் தற்காப்பு ஆட்டம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. டச்சு அணியும் மூன்று சென்டர் பேக்குகளை, அதாவது நடுப் பின்கள வீரர்களை, வைத்துத்தான் ஆடியது. ஆளுக்கு ஆள் சரியாகப் பொருந்தியதால், ஓரங்களில் ஏறி இறங்கும் பின்கள வீரர்களான விங் பேக்குகள் பயமில்லாமல் மேலே போக முடிந்தது. முதல் கோலை அடித்தது வலப்பக்க விங் பேக் மொலினா, மெஸ்ஸி பார்க்காமலே தள்ளிவிட்ட பந்தில். இரண்டாவது கோலுக்கான பெனால்டியை வாங்கித் தந்தது இடப்பக்க விங் பேக் அகுன்யா. இதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. முன்னிலை கிடைத்ததும் பின்வரிசையின் ஐந்து பேரும் தானாகவே தங்கள் பெனால்டி பெட்டிக்குள் பின்வாங்கிவிடுவார்கள். உயரமான வெக்ஹோர்ஸ்ட் வந்து 83-ஆவது நிமிடத்திலும், 90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நேரத்தின் 11-ஆவது நிமிடத்திலும் அடித்து 2-2 ஆக்கியது அப்படித்தான்.

அரையிறுதியில் குரோஷியாவின் நடுகளத்தில் மோட்ரிச், புரோசோவிச், கோவாசிச் என்று மூவர். அதற்கு ஸ்கலோனி நான்கு நடுகள வீரர்களை நிறுத்தினார், ஓரத்தில் தாக்கும் விங்கரே இல்லாமல். பந்து குரோஷியாவிடம்தான் அதிகம் இருந்தது. கோல் வந்தது இந்தப் பக்கம், 3-0. பந்தைப் பறித்தவுடன் ஆல்வாரெஸை நோக்கி ஒரே நேர்ப் பாஸ், அவ்வளவுதான் திட்டம். மூன்றில் பத்திரமானது இதுவே. ஆனால் எதிரணி மேலே ஏறி வராமல் கதவைச் சாத்திக்கொண்டால் இதன் பல் பதியாது.

பிரான்ஸுக்கு எதிரான இறுதியாட்டத்தின் 4-3-3-தான் என் தேர்வு. வழக்கமாக வலப்பக்கம் ஆடும் விங்கர் டி மரியாவை இடப்பக்கம் நிறுத்தியதில்தான் சூட்சுமம். பிரான்ஸின் எம்பாப்பே இருக்கும் பக்கத்தில் மொலினாவும் நடுகள வீரர் டி பாலும் காவல். தாக்குதல் முழுக்க எதிர்ப்பக்கம். அங்கே பிரான்ஸுக்குக் காவல், இயல்பில் சென்டர் பேக்கான கூந்தேயும், தற்காப்பில் கைதேராத டெம்பெலேவும். 21-ஆவது நிமிடத்தில் டெம்பெலேவைத் தாண்டிப் பெட்டிக்குள் போனார் டி மரியா. பின்னாலிருந்து இடறல், பெனால்டி. 36-ஆவது நிமிட கோலை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. மெஸ்ஸியின் ஒரு தட்டல், ஆல்வாரெஸின் நேர்ப் பாஸ், வலப்பக்கமாக ஓடிய மெக் அலிஸ்டர் குறுக்கே தள்ள, இடது ஓரத்தில் தன்னந்தனியாக வந்து முடித்தார் டி மரியா. இடைவேளைக்கு முன்பே டெம்பெலேயையும் ஜிரூவையும் வெளியே எடுத்தார் பிரான்ஸ் பயிற்சியாளர் டெஷாம்ப்ஸ். உலகக் கோப்பை இறுதியில் ஒரு பயிற்சியாளர் அப்படிக் கை தூக்கிச் சரணடைவது அபூர்வம்.

இந்த வியூகத்தின் ஆயுள் 64 நிமிடம். டி மரியாவுக்குப் பதில் அகுன்யா வந்ததும் இது கிட்டத்தட்ட பழைய 4-4-2 ஆகிவிட்டது. ஓரத்தில் பயமுறுத்த ஆளில்லை. 80-ஆவது நிமிடத்தில் எம்பாப்பே பெனால்டியில் ஒன்று. அடுத்த நிமிடமே பிரான்ஸின் கோமன் மெஸ்ஸியின் காலிலிருந்தே பந்தைப் பறிக்க, எம்பாப்பே இன்னொன்று. மாற்றியது தவறு என்று பலர் இன்னும் திட்டுகிறார்கள். காயத்திலிருந்து மீண்டு வந்த 34 வயதுக்காரரிடம் 90 நிமிடம் கேட்பது நியாயமில்லை. என் வருத்தம் வேறு: அவர் இடத்துக்குப் பந்தோடு ஓடக்கூடிய ஒரு விங்கரை அனுப்பியிருக்கலாம்.