டோர் பீடிங்: எதைப் பூசலாம், எப்போது மாற்ற வேண்டும்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் ஓடும் கார்களின் பீடிங்குக்கு, அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைக்கு, ஓய்வே கிடையாது. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாமழை, மற்ற மாதங்களில் சுள்ளென்ற வெயில். பீடிங் முதலில் சாம்பல் பூக்கும், பிறகு கதவில் ஒட்டி உரியும், கடைசியில் தட்டையாகும். முதல் இரண்டுக்கும் பராமரிப்பு போதும். தட்டையானதை எந்த கிரீஸும் எழுப்பாது.

ரப்பர் தோட்டத்து ஊர் என்றாலும் பீடிங்கில் இருப்பது சிரட்டையில் வடியும் பால் அல்ல. இன்றைய கார்களில் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்தான். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் அறுத்துவிடும். ஈபிடிஎம்மின் முதுகெலும்பில் அவை இல்லாததால் வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் மட்டும் ஊறி உப்பிவிடும். அதனால் வாசலின், என்ஜின் ஆயில், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே மூன்றும் வேண்டாம். பூசிய அன்றைக்குப் பளபளப்பாகத்தான் இருக்கும், பிறகு ரப்பர் கொழகொழத்துப்போகும்.

தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்கள் இங்கே அதிகம். பெட்ரோலியம் அளவுக்குக் கெடுதல் இல்லை என்றாலும் காறிப்போய், தூசியும் எறும்பும் சேர்ந்து பிசுக்காகிறது. கிளிசரின் ரப்பரைக் கெடுக்காது, ஆனால் முதல் மழையிலேயே கழுவிப் போகும். டயர் பாலிஷ் பளபளப்புக்கு மட்டுமே. நீண்ட நாள் பயன்பாட்டில் நின்றது சுத்தமான சிலிக்கோன் கிரீஸ். தண்ணீரில் கரையாது, வெயிலில் உருகாது. ஒரு குறை உண்டு: பெயின்ட் அடிக்கப் போகும் காரில் பூசக் கூடாது. சிலிக்கோன் துளி பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

பூசும் முன் கழுவுவதில்தான் பாதி வேலை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கார் ஷாம்பு போதும். மைக்ரோஃபைபர் துணியால் மடிப்புக்குள் விரலை விட்டுத் துடைக்க வேண்டும். சாம்பல் விடாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை இழுக்கலாம். பெட்ரோலும் தின்னரும் கூடாது. நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு, ஒரு கதவுக்கு 2 முதல் 3 கிராம் கிரீஸ், விரலால் மெல்லிசாக. அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தொட்டால் வழுக்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. மே கடைசியில் ஒன்று, செப்டம்பர் கடைசியில் ஒன்று என வருடத்துக்கு இரண்டு முறை போதும். கண்ணாடி ஏறி இறங்கும் சேனலில் மட்டும் கிரீஸ் வேண்டாம், மண் பிடித்துக் கண்ணாடியில் கீறல் விழும். அங்கே உலர்ந்து நிற்கும் சிலிக்கோன் ஸ்பிரேதான் சரி.

கார்ப்பெட் நனைந்தால் உடனே பீடிங்கைக் கழற்றுகிறார்கள். அவசரப்படத் தேவையில்லை. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அது வெளியேறவே கதவின் அடியில் துளைகள் இருக்கின்றன. அவை சேற்றால் அடைபட்டாலோ, கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஷீட்டின் பியூட்டைல் பசை விட்டாலோ தண்ணீர் உள்ளே வரும். ஸ்பீக்கர் மாட்டக் கதவைப் பிரித்த கார்களில் இது சகஜம். முன்பக்கம் மட்டும் நனைந்தால் வைப்பருக்குக் கீழே உள்ள வடிகாலைப் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதிரும் ரப்பர் இலை அங்கேதான் போய் அடைக்கும். ஏசி வடிகுழாயும் இன்னொரு சந்தேகப் புள்ளி.

பீடிங்தானா என்று உறுதிசெய்ய, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிப்புடன் வந்தால் நல்லது, வழுக்கி வந்தால் அங்கே இடைவெளி. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாணுக்கும் இதைச் செய்ய வேண்டும். மேல் மூலை மட்டும் தளர்வாக இருந்தால் ரப்பரைக் குறை சொல்வதற்கு முன் கீல் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு சாண் நீளம் மட்டும் தட்டையாக இருந்தால், பீடிங்கின் உள்ளே வெற்றாக இருக்கும் குமிழுக்குள் 5 அல்லது 6 மில்லிமீட்டர் சிலிக்கோன் குழாயைச் செருகி ஒப்பேற்றலாம். குமிழில் உள்ள சிறு காற்றுத் துளைகளை அடைத்துவிடக் கூடாது, கதவு மூடும்போது காற்று அதன் வழியேதான் போகிறது. சின்னக் கிழிசலுக்கு உடனே ஒட்டும் பசை ஒரு துளி. அதிகம் விட்டால் காய்ந்து கட்டியாகி, பக்கத்திலேயே மறுபடி கிழியும்.

மாற்றுவதானால் அந்த மாடலுக்கே வந்த பீடிங்கை வாங்குங்கள். மீட்டர் கணக்கில் கிடைப்பதில் குமிழின் உயரமும் தகட்டைக் கவ்வும் இடைவெளியும் பொருந்துவது அபூர்வம். மேல் மூலைகளில் தொடங்கி, இணைப்பு அடியில் வரும்படி ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டும். இழுத்துப் பொருத்தினால் சில வாரங்களில் சுருங்கி இணைப்பு பிளக்கும். புதிய பீடிங்கில் கதவு சில நாள் இறுக்கமாக மூடும். கதவுப் பூட்டு மாட்டும் கொக்கியான ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தச் சொல்லும் மெக்கானிக்கிடம், படியும்வரை பொறுத்துவிட்டு அப்புறம் தொடச் சொல்லுங்கள்.