பனியாற்றில் நாய் ஸ்லெட்: ஹெலிகாப்டருக்குக் கொடுக்கும் காசு தேறுமா?

நம்மூரில் நாய் வண்டி என்றால் தெருநாய் பிடிக்க வரும் முனிசிபாலிட்டி வண்டிதான். அதனால் அலாஸ்காவில் நாய் வண்டியில் போகப் போகிறோம், அதற்கு ஆளுக்கு 600 டாலருக்கு மேல் ஆகும் என்று சொன்னதும் என் மாமியார் ஃபோனில் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

கோடையில் கப்பலேறி அலாஸ்காவின் ஜூனோவில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்தே தீரும். ஹெலிகாப்டரில் பனியாற்றுக்கு ஏறிப்போய் அங்கே நாய்கள் இழுக்கும் ஸ்லெட்டில் (சக்கரமில்லாமல் பனியில் சறுக்கும் வண்டி) போவதா, அதே ஹெலிகாப்டரில் போய் ஐஸில் சும்மா நடந்துவிட்டு வருவதா, இல்லை கீழே காட்டுக்குள் சக்கரம் வைத்த வண்டியை நாய்கள் இழுக்க அதில் போவதா? நான் முதலாவதையும் மூன்றாவதையும் பார்த்துவிட்டேன். நடுவிலுள்ளதற்கு மனைவி போனாள். இதில் சேராத நாலாவது ஒன்றும் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

முதலில் ஹெலிகாப்டர் பிளஸ் நாய். கிளம்பும் முன் எல்லோரையும் எடை போடுவார்கள், 250 பவுண்டுக்கு மேல் என்றால் கூடுதல் கட்டணம். யார் எங்கே உட்கார்வது என்பதும் எடைக் கணக்குதான், அதனால் கணவன் முன்னால் மனைவி பின்னால் என்று பிரிந்து போகலாம், சண்டை போட்டுப் பயனில்லை. பை எதுவும் கூடாது. ஷூவுக்கு மேலே மாட்ட ஒரு பெரிய பூட்ஸ் தருவார்கள். மேலே எழும்பியதும் கீழே டோங்காஸ் மழைக்காடு, அப்புறம் திடீரென்று பச்சை முடிந்து வெள்ளை. ஜூனோவுக்குப் பின்னால் இருக்கும் பனிவெளி 3,800 சதுர கிலோமீட்டரை ஒட்டி வரும், மெண்டன்ஹால், ஹெர்பர்ட், நாரிஸ் எல்லாம் அதிலிருந்து வழிகிற பனியாறுகள். உண்மையைச் சொன்னால் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்தப் பறத்தலுக்குத்தான். ஸ்லெட் ஓட்டம் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

ஆனால் அந்த அரை மணி இருக்கிறதே! முகாமில் இறங்கியதுமே நூற்றுக்கணக்கான நாய்கள் ஒரே நேரத்தில் குரைக்கின்றன, வாரில் பூட்டப்பட்டவை எம்பி எம்பிக் குதிக்கின்றன, வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கொக்கியை மஷர் பனியிலிருந்து பிடுங்கினாரோ இல்லையோ, நம் வண்டி நாய்கள் அத்தனையும் கப்சிப். ஸ்லெட் பனியைக் கிழிக்கும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும் மட்டும்தான். (மஷர் என்றால் நாய்களை ஓட்டுகிறவர். வலப்பக்கம் திரும்ப 'ஜீ', இடப்பக்கம் 'ஹா'. கடிவாளம் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்தான், முன்னால் ஓடும் தலைமை நாய்க்குப் புரிந்தால் போதும்.)

நீலக்கண், புசுபுசு முடி என்று சைபீரியன் ஹஸ்கியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இவை அலாஸ்கன் ஹஸ்கி, ஓட்டத்துக்காகவே கலந்து வளர்த்த ஒல்லி நாய்கள், இருபது கிலோ சொச்சம் இருக்கும், சில நம் தெருவில் படுத்திருக்கும் மணியைப் போலவே இருந்தன. வெயில் இவற்றுக்கு ஆகாது, கோடையில் மேலே கொண்டுபோய் வைத்துப் பயிற்சி கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மஷர்களும் அங்கேயே கூடாரத்தில் தங்குகிறார்கள். தீனி ஹெலிகாப்டரில் ஏறி வருகிறது, நாய் போட்டது ஹெலிகாப்டரில் இறங்கிப் போகிறது. டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இதில் பலர் சொல்லாத குறை ஒன்று உண்டு. முகாம் இருப்பது பனியாற்றின் மேல்பகுதியில், கெட்டியான பனி மூடிய சமவெளியில். அதாவது போஸ்டரில் பார்க்கும் நீல ஐஸ், வெடிப்பு, ஓடை எதுவும் காலடியில் இருக்காது, பறக்கும்போது ஜன்னலில் பார்த்ததோடு சரி. நடைக்குப் போன மனைவி இறங்கியது நேராக நீல ஐஸ் மேலே, ஒரு ஓடையிலிருந்து கையால் அள்ளித் தண்ணீர் குடித்திருக்கிறாள். விலையும் அவளுடையதுதான் குறைவு. பனியாற்றைப் பார்க்கத்தான் போகிறீர்கள், நாய் மேல் பெரிய பிரியமில்லை என்றால் நடைதான், யோசிக்கவே வேண்டாம்.

நாய்தான் முக்கியம் என்றால்? கீழேயே இருங்கள். சக்கர வண்டி மூன்றில் ஒரு பங்கு செலவுக்குள் முடியும், சேறு தெறிக்கும், சறுக்கல் சுகம் கிடையாது, ஆனால் மஷரோடு பேச நேரம் தாராளமாகக் கிடைக்கும், குட்டிகளை மடியில் வைத்துக்கொள்ளலாம். அலாஸ்காவிலேயே இன்னொரு ஊரான சூவர்ட் வரை போகிறவர்களுக்கு சீவி குடும்பத்தின் வண்டி இருக்கிறது. 1973இல் நடந்த முதல் இடிடரோட் நாய் ஸ்லெட் பந்தயத்தில் தாத்தா டான் ஓடினார், மகன் மிட்ச் மூன்று முறை ஜெயித்தார், பேரன் டாலஸ் ஆறு முறை. ஆங்கரேஜிலிருந்து நோம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் போகிற பந்தயம் அது. நாய்களைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் இப்படி விரட்டுவதும் கொடுமை என்பவர்களும் அமெரிக்காவிலேயே நிறைய உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஓய்வுபெற்ற நாய்கள் எங்கே போகின்றன என்று நான் நேராகவே கேட்டேன், சலிக்காமல் பதில் சொன்னார்கள்.

ஹெலிகாப்டரின் பெரிய வில்லன் மேகம். ஜூனோவில் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் மழை. முதல் தடவை நாங்கள் எடை போட்டு, பூட்ஸ் மாட்டி, பாதுகாப்பு வீடியோ பார்த்து முடித்த பிறகு ரத்து என்றார்கள். பணம் திரும்பி வந்தது, ஆனால் கப்பல் சாயங்காலமே கிளம்பிவிட்டது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது சக்கர வண்டிதான், அதற்கு மழை ஒரு பொருட்டே இல்லை. பறந்தது அடுத்த பயணத்தில்.

சரி, அந்த நாலாவது. குளிர்காலத்தில், அலாஸ்காவின் உட்பகுதியில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ். ஹெலிகாப்டர் இல்லை, செலவு பாதிக்கும் கீழே, உண்மையான பனிப்பாதை, மைனஸ் இருபதில் நாய்கள் கோடையில் பார்த்தவைதானா என்று கேட்கும்படி பறக்கின்றன. ராத்திரி வானம் தெளிந்தால் வடதுருவ ஒளி வேறு. மூக்கு மரத்துப்போகும், டிசம்பர் பிற்பாதியில் பகல் நாலு மணி நேரம்கூட இருக்காது, வயதானவர்களைக் கூட்டிப்போக முடியாது. ஆனால் ஸ்லெட் என்றால் எனக்கு இனி அதுதான். இரண்டாம் தடவை 600 டாலர் கொடுத்து மேலே போவேனா என்றால் போகமாட்டேன், அந்தப் பணத்துக்கு மனைவி போன நடைக்குப் போவேன்.

மீறி மேலே போகிறவர்கள் மே, ஜூனிலேயே போய்விடுங்கள், ஆகஸ்ட் நெருங்க நெருங்கப் பனி இளகிச் சொதசொதவென்று ஆகிவிடும். கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைக்காமல் சட்டைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து விடுங்கள். என்னுடையது இன்னும் அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது.