ஹாம்பர்க்கிலிருந்து பெர்கனுக்கு: கடலை எங்கே கடப்பது?

ஹாம்பர்க்கிலிருந்து நார்வேயின் பெர்கன் நகரத்துக்குக் காரில் போகிறேன் என்றால், உடனே வரும் கேள்வி "ஃபெர்ரி டிக்கெட் எவ்வளவு?" என்பதுதான். முதல் முறை நானும் அதையே பார்த்தேன். கப்பலில் மிச்சம் பிடித்த காசு பெட்ரோலுக்கும் பாலங்களின் சுங்கத்துக்கும், நள்ளிரவில் கண் சொருகி வழியில் எடுத்த ஹோட்டல் அறைக்கும் போய்விட்டது. அதிலிருந்து விலையைக் கடைசியில்தான் பார்க்கிறேன். இரவு எங்கே கழியப்போகிறது, காரில் யார் யார் உட்காரப்போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்கிறேன்.

கப்பலே ஏறாமல் போகவும் வழி உண்டு. டென்மார்க்கைக் குறுக்கே கடந்து, பெரிய பெல்ட் என்ற நீரிணையின் பாலத்தில் ஏறி, கோபன்ஹேகன் வழியாக ஓரசுந்த் பாலம், பிறகு சுவீடன், ஆஸ்லோ. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் திறந்த ஓரசுந்த் வழியை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். கோபன்ஹேகன் பக்கம் கடலுக்கடியில் நுழைந்து, நான்கு கிலோமீட்டர் சுரங்கம் முடிந்ததும் மனிதர்கள் மண் கொட்டி உண்டாக்கிய ஒரு தீவில் வெளியே வந்து, அங்கிருந்து ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் பாலத்தில் சுவீடனுக்குப் போகிறோம். எந்த நேரத்துக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது இந்த வழியின் பெரிய வசதி. குழந்தை அழுதால் நிறுத்தலாம், மழை பிடித்தால் தங்கலாம். ஆனால் ஆஸ்லோவுக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். ஜெர்மனியின் புட்கார்டன் துறையில் முக்கால் மணி நேர ஃபெர்ரியில் ஏறி டென்மார்க்கின் ரோட்பி போய்ச் சேர்ந்தால் தூரம் கணிசமாகக் குறையும். அப்படிக் குறைத்தாலும் ஒரே ஓட்டுநருக்கு அது ஒருநாள் வேலை இல்லை.

இதற்கு நேர் எதிர், கீல் துறைமுகத்திலிருந்து ஆஸ்லோ போகும் கப்பல். ஹாம்பர்க்கிலிருந்து கீல் நூறு கிலோமீட்டர்தான். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்லோ. அன்று மாலை பெரிய பெல்ட் பாலத்தின் அடியில் கப்பல் நுழைகிறது. காரில் வந்திருந்தால் நாம் சுங்கம் கட்டி ஓட்டியிருக்கும் அதே பாலம், தலைக்கு மேல் விளக்குகளோடு நகர்ந்து போகும். காலையில் ஆஸ்லோ ஃபியோர்டின் (நிலத்துக்குள் நீண்டு புகும் கடல்) இரு கரைகளும் நெருங்கி வரும்போது அம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. அறை வாடகையைச் சேர்த்தால் டிக்கெட் கனம்தான். ஆனால் ஹோட்டல் செலவும் ஒருநாள் ஓட்டமும் அதிலேயே அடங்கிவிடுகின்றன.

குறை என்னவென்றால், ஆஸ்லோ பெர்கன் அல்ல. இன்னும் 460 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, ஏழு மணி நேரமாவது ஆகும். ஹார்டாங்கர் பீடபூமி வழி அழகானது. குளிர்காலத்தில் பனிப்புயல் வந்தால் மூடிவிடுவார்கள். இன்னொன்றான லேர்டால் வழியில் 24.5 கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது. ஓட்டுநர் அசந்துவிடக் கூடாதென்று நடுவில் மூன்று இடங்களில் குகை போல அகலப்படுத்தி நீல விளக்கு போட்டிருக்கிறார்கள்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. டென்மார்க்கின் வடமுனையை ஒட்டிய ஹிர்ட்ஸ்ஹால்ஸ் வரை ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர், பெரும்பாலும் நேரான நெடுஞ்சாலை. அங்கிருந்து கப்பலில் மூன்றேகால் மணி நேரத்தில் நார்வேயின் கிறிஸ்டியான்சாண்ட். ஸ்காகெராக் கடல் பொல்லாதது, காற்று வீசும் நாளில் வயிற்றைப் புரட்டிவிடும். அதைத் தாங்கிவிட்டால் கிடைப்பது இ39 சாலை. கடலையும் தன் பாதையாகவே எண்ணுகிற சாலை அது. கிறிஸ்டியான்சாண்டிலிருந்து பெர்கன் போவதற்குள் மட்டும் இரண்டு ஃபெர்ரிகள் குறுக்கிடுகின்றன.

அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை. கோடு போட்ட வரிசையில் காரை நிறுத்த வேண்டும், எண்பலகையைக் கேமரா படம் பிடித்துக்கொள்ளும், பில் பிறகு வீடு தேடி வரும். மஞ்சள் சட்டைக்காரர் கையசைத்ததும் முன்னால் போகும் காரின் வால் பிடித்து உள்ளே ஏறினால், கைபிரேக் போட்டுவிட்டு மேலே ஓடலாம். மேற்குக் கரை ஃபெர்ரிகளின் பலகாரம் ஸ்வேலே. ஆப்பத்தின் நடுப்பகுதி போலத் தடித்து, இனித்து, பாதியாக மடித்து, உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் வைத்துத் தருவார்கள். சூடாகக் கிடைத்தால் பேசாமல் இரண்டு வாங்கிவிடுங்கள். காரில் ஏறிய பிறகு பங்கு கேட்பார்கள். ஓட்டவே விருப்பமில்லையென்றால் ஹிர்ட்ஸ்ஹால்ஸிலிருந்து ஸ்டவாங்கர் வழியாக நேரே பெர்கனுக்கே இரவுக் கப்பல் இருக்கிறது. ஆனால் ஸ்வேலே சாலையைத் தவறவிட எனக்கு மனம் வருவதில்லை.

சுவீடனின் கோதன்பர்க் போகும் கப்பல்களையும் சிலர் சொல்வார்கள். பெர்கன் போகிறவருக்கு அது சுற்றுவழி.

எந்த வழியானாலும் இரண்டு விஷயங்கள். காரின் உயரத்தைக் கூரைப்பெட்டியோடு சேர்த்து அளந்து பதிவு செய்யுங்கள். ஒருமுறை பெட்டியை மறந்து காரின் உயரத்தை மட்டும் எழுதிவிட்டேன். துறைமுக வரிசையில் பின்னால் நாற்பது கார்கள் காத்திருக்க, கட்டண வித்தியாசத்தைக் கட்டினேன். நீண்ட பயணத்தில் கப்பல் கிளம்பியதும் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், அதனால் மருந்தும் ஸ்வெட்டரும் கைப்பையில் இருக்கட்டும்.

இந்தக் கோடையில் அம்மாவும் வருகிறார். ஆகவே போகும்போது கீல், நடுவில் ஆஸ்லோவில் ஓரிரவு, திரும்பும்போது கிறிஸ்டியான்சாண்ட். வண்டியில் சமையல் சாமான் ஏற்றும் பொறுப்பு அம்மாவுடையது. நார்வே எல்லைக்குள் காய்கறி கொண்டுபோகலாம், உருளைக்கிழங்கு மட்டும் கூடாது என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.