கெசிக்கில் வீடு எடுக்கும் முன் முழு போஸ்ட்கோடைக் கேட்டு வாங்குங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரியும் மலையுமாக இருக்கும் லேக் டிஸ்டிரிக்ட் பகுதிக்குக் கூட்டிப் போகலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மான்செஸ்டர், லீட்ஸ், பிரஸ்டன் பக்கம் இருப்பவர்கள் எம்6 நெடுஞ்சாலையைப் பிடித்தால் போதும், காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பி மதியத்துக்குள் அங்குள்ள கெசிக் ஊரில் இருக்கலாம். ஊரில் ஒரு குறையும் கிடையாது. ஊர்ப் பெயரைச் சொல்லி வாடகைக்கு விடும் வீடுகளில்தான் வில்லங்கம். அப்படி ஒரு வீட்டில் நாங்கள் மாட்டினோம். பணத் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் வீட்டுக்காரர் யார் என்று இங்கே போடவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். படி ஏறினால் அன்றைக்கு முழுக்க வலி. அதனால் தேடும்போதே இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: படுக்கையறை கீழே இருக்க வேண்டும், கடைத்தெருவுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் சொந்த இணையதளத்தில் இரண்டும் இருந்தன. 'கெசிக். ஏரி தெரியும் வீடு. கீழ்த்தளத்தில் படுக்கையறை. கடைகள், படகுத்துறை சில நிமிடத்தில்.' மேலே பெரிதாக ஒரு படம்: டெர்வெண்ட்வாட்டர் ஏரி, நடுவில் தீவு, முன்னால் வேர்கள் வெளியே தெரிய நிற்கும் பைன் மரம். எதற்கும் இருக்கட்டும் என்று, அம்மாவின் முழங்காலைச் சொல்லி, படுக்கையறை கீழேதானா என்று எழுதிக் கேட்டேன். 'ஆமாம், கவலையே வேண்டாம்' என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

மூன்று இரவுக்கு 540 பவுண்டு என்று காட்டிவிட்டு, கார்டு எண் போடும் பக்கத்தில் சுத்தம் செய்யும் கட்டணம் 85 பவுண்டு தனியாக முளைத்தது. ஏப்ரல் 2025 முதல் பிரிட்டனில் இது சட்டப்படி தப்பு. கட்டியே தீர வேண்டிய கட்டணத்தை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் விலை ஏறினால் ஆள் எப்படிப்பட்டவர் என்று அங்கேயே புரிந்துகொள்ளலாம். ஆகஸ்ட் மாதம், வேறு இடமும் கிடைக்கவில்லை, கட்டினேன். போக 150 பவுண்டு டெபாசிட்.

முழு முகவரி, கிளம்புவதற்கு முதல் நாள்தான் வந்தது. போஸ்ட்கோடு சிஏ12 என்று தொடங்கியது. கெசிக்கின் போஸ்ட்கோடு அதுதான், சந்தேகம் வரவில்லை. பென்ரித்தில் எம்6-ஐ விட்டு ஏ66-இல் மேற்கே திரும்பினோம். கெசிக்குக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர் இருக்கும்போதே, இடம் வந்துவிட்டது என்று வழிகாட்டும் சாட்நாவ் கருவி சொல்லிவிட்டது. சுற்றிலும் ஆட்டு மந்தை, கல் சுவர், அந்தப் பக்கம் லாரிகள் பறக்கும் சாலை. கடை என்று ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. அந்த நேரம் பார்த்து மழை. அந்த மலைப்பக்கத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. கெசிக்குக்குத் தெற்கே போரோடேலில் இருக்கும் சீத்வெயிட்தான் இங்கிலாந்திலேயே அதிகம் மழை பெய்யும் குடியிருப்பு என்பார்கள்.

வரவேற்க ஆள் கிடையாது. கதவோரம் எண் உருட்டும் சாவிப் பெட்டி ஒன்று. துருப்பிடித்து, மூன்றாவது சக்கரம் நகரவே இல்லை. அப்பா குடை பிடிக்க, நான் போன் வெளிச்சத்தில் கார்ச் சாவியால் நெம்பித் திறந்தேன். உள்ளே போனால் சமையலறையும் ஹாலும் ஒன்று. மூலையில் ஒரு சோபா கம் பெட். அவர்கள் சொன்ன 'கீழ்த்தளப் படுக்கையறை' அதுதான். குளியலறை, கழிப்பறை, மற்ற அறைகள் எல்லாம் மேலே. போகிற படியோ செங்குத்து. பாதம் முழுதாகப் பதியாத அகலம், கைப்பிடிக்குப் பதில் சுவரில் ஒரு கயிறு. அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பழனிப் படியே தேவலாம்டா" என்றார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா தண்ணீரே குடிக்கவில்லை. கேட்டதற்குத் தாகமில்லை என்றார். நடு ராத்திரி மேலே ஏற வேண்டியிருக்குமே என்று குடிக்காமல் இருந்தார் என்பது காலையில்தான் தெரிந்தது. பணம் போனதைவிட எனக்கு அதுதான் ஆத்திரம்.

வாட்ஸ்ஆப்பில் வீட்டுக்காரரைப் பிடித்தேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. முகவரியில் கெசிக் என்றுதானே இருக்கிறது என்றார். அதில்தான் சூட்சுமம். பிரிட்டிஷ் தபால் முகவரியில் கெசிக் என்பது அந்த ஊர் மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்துக்கே பொதுவான தபால் ஊர். கிழக்கே திரெல்கெல்ட், மேற்கே பிரெய்த்வெயிட், தெற்கே போரோடேல் பள்ளத்தாக்கு எல்லாமே தபால்காரருக்குக் கெசிக்தான், எல்லாமே சிஏ12தான். ஆகவே விளம்பரத்தில் 'கெசிக், சிஏ12' என்று போடுவது பொய்யாகாது, உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இராது. கடைசி மூன்று எழுத்தோடு சேர்த்து முழு போஸ்ட்கோடைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கதவு எண் வேண்டாம், போஸ்ட்கோடு போதும். தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

அப்படியானால் ஏரி எங்கே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மறுநாள் கிடைத்தது. கெசிக் படகுத்துறையிலிருந்து ஏரிக்கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் ஃப்ரையர்ஸ் கிராக் என்று ஒரு பாறை முனை. பாதை பெரும்பாலும் சமதளம், அம்மாவே நடந்து வந்தார். அங்கே நின்ற அப்பா பைன் மரத்து வேரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம வீட்டுப் படம்தானே?" என்றார். போனை எடுத்து வைத்துப் பார்த்தோம். அதே மரம், அதே வேர், அதே தீவு. யார் வேண்டுமானாலும் போய் நிற்கக்கூடிய பொது இடத்தில் எடுத்த படம். எங்கள் வீட்டு ஜன்னலில் தெரிந்தது 868 மீட்டர் உயர பிளென்காத்ரா. அதுவும் பாதி நேரம் மேகத்துக்குள். அருமையான மலை, ஆனால் நான் காசு கொடுத்தது ஏரிக்கு. ஃப்ரையர்ஸ் கிராக்கில் நின்றபடியே என் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபத்தில் அதை விட்டுவிடக் கூடாது. முதலாம் எட்வர்ட் 1276-இல் சந்தை நடத்த உரிமை கொடுத்த ஊர் இது. சனிக்கிழமை இன்றைக்கும் நடுத்தெருவில் கடை போடுகிறார்கள். நடுவே 1813-இல் கட்டிய மூட் ஹால் என்ற பழைய ஊர் மன்றக் கட்டிடம், அதன் கடிகாரத்துக்கு ஒரே முள். மணி முள் மட்டும்தான், நிமிடத்தை நாமே குத்துமதிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா ஸ்ட்ராபெரி விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். வயதானவர்களுக்கு ஏரியைச் சுற்றும் படகு நல்ல ஏற்பாடு, வழியில் இறங்கி ஏறிக்கொள்ளலாம். காசில்ரிக் கல்வட்டத்துக்குக் கட்டணமே கிடையாது; சுமார் 5,000 ஆண்டுப் பழமை. புல் ஈரமாக இருக்கும், செருப்போடு போகாதீர்கள். ஊருக்குள்ளேயே வீடு கிடைத்திருந்தால் காரைத் தொடவே வேண்டியிருந்திருக்காது. எங்களுக்கோ தினமும் காரை எடுத்துப் போய், பார்க்கிங்குக்குத் தனியாக அழ வேண்டியதாயிற்று.

வீடு திரும்பிய பிறகு இன்னொரு இடி. டெபாசிட்டில் 60 பவுண்டு பிடித்துக்கொண்டார்கள். காரணம், 'மசாலா வாடை, கூடுதல் சுத்தம்'. அம்மா வைத்தது ஒரு ரசம், ஒரு சாதம். கிளம்பும்போது அடுப்பு, சோபா, கார்பெட், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தேன். வாடை வீடியோவில் தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

பணத்துக்கு என்ன செய்தேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுவரை விலையுள்ள எதையும் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் வாக்குத் தவறியதற்குக் கார்டு கொடுத்த வங்கியும் சேர்ந்து பொறுப்பு. முழுத் தொகையையும் கார்டில் கட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நேராக வீட்டுக்காரருக்குக் கட்டியது நல்லதாய்ப் போயிற்று. நடுவில் ஒரு புக்கிங் தளம் பணத்தை வாங்கிக் கொடுத்திருந்தால் இந்தப் பிரிவு செல்லாது என்று வங்கி சொல்ல வாய்ப்பு உண்டு. டெபிட் கார்டு என்றால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலம் திருப்பி வாங்கும் ஏற்பாடு, கேட்கலாம், அது சட்ட உரிமை இல்லை, கெடுவும் குறைவு. பேங்க் டிரான்ஸ்ஃபர் கேட்டால் எழுந்து போய்விடுங்கள்.

வங்கிக்கு அனுப்பியவை: பணம் கட்டும் முன்பே எடுத்திருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கீழ்த்தளம் பற்றிய அந்த ஒரு வரி, படிக்கட்டின் படம், வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் உள்ள தூரம் காட்டும் வரைபடம், ஃப்ரையர்ஸ் கிராக் படங்கள் இரண்டு அருகருகே. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரி சொன்னதை நம்பி நாம் முடிவெடுத்தால் அந்தச் சொல்லும் ஒப்பந்தத்தில் சேர்த்தி என்பதையும் எழுதினேன். முதலில், தங்கிவிட்டீர்களே, பிறகென்ன என்று கேட்டார்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும், இல்லாவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போவேன், அங்கே எனக்குச் செலவில்லை என்று புகாராகவே பதியச் சொன்னதும் தொனி மாறியது. தங்கியதற்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு 400 பவுண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

ரசத்துக்குப் பிடித்த 60 பவுண்டுதான் பாக்கி. வாடைக்கு ஆதாரம் இரண்டு பக்கமும் இல்லை என்று வங்கி ஒதுங்கிக்கொண்டது. பதினான்கு நாள் கெடு வைத்து, தராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் போவேன் என்று வீட்டுக்காரருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். 300 பவுண்டுவரை கேட்டு வழக்குப் போட 35 பவுண்டு கட்டணம், ஜெயித்தால் அதுவும் அவர் தலையில்தான் விழும். அப்பா ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அந்த அறுபது வந்ததா என்றுதான் முதலில் கேட்கிறார்.